மறு: குதிரைச் சூலையும் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தமும்’

அன்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாணவர்களுக்குக் கையேடு தர வேண்டும். சூலையில், அதாவது கடும் வயிற்றுவலியில், விழுந்த குதிரையின் ரத்தத்தில் எதையெல்லாம் பார்க்கிறோம் என்பதுதான் பாடம். குடல் முறுக்கிக்கொண்டால் ரத்தம் நின்றுபோகும். முறுக்கை அவிழ்த்ததும் பாய்ந்து வரும் ஆக்சிஜனே திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். ஆங்கிலத்தில் ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ எனப்படும் இதை ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று எழுதியிருந்தேன். “அப்போ குதிரைக்கு பி.பி. பார்க்கணுமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். ரத்தத்தைப் பற்றிப் பேசும்போது அப்படித்தானே தோன்றும்? அதனால்தான் மாற்றுச் சொல் தேடுகிறேன். நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்கள் கீழே.

> ஸ்ட்ரெஸ்ஸுக்கு இயற்பியலில் ‘தகைவு’ இருக்கிறதே.

இருக்கிறது ஐயா, கம்பியை இழுக்கும்போது வருவது. தகை என்றால் தடுத்தல். அழகும்தான், ‘தகையணங்குறுத்தல்’ இருக்கிறதே. மாணவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள்?

> ‘உயிர்வளியேற்றம்’ என்க.

பள்ளியிலேயே ஆக்சிஜனேற்றம் படித்து வந்த பிள்ளைகள். யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன ‘ஒட்சியேற்றம்’ அங்கே பழகிவிட்டது போல, இங்கே இது.

> சூலை மனிதருக்கு வருவது.

குடரோடு துடக்கி முடக்கியது என்று அப்பர் பாடிய நோய்க்கும் முறுக்கிய குதிரைக் குடலுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்னங்காலால் தரையைப் பறிக்கும் குதிரையைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ரத்தத்தில் பாதிப்பைக் காட்டித்தரும் பொருளான மார்க்கருக்குச் ‘சுட்டி’ வேண்டாம், மவுஸ் ஆகிவிட்டது. ‘குறிகாட்டி’ போதும். மாலோன்டைஆல்டிஹைடு அப்படி ஒன்று: தயோபார்பிட்டூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் குழாயில் இளஞ்சிவப்பு ஏறும், 532 நானோமீட்டரில் அளப்போம். கொழுப்பு எவ்வளவு அரிக்கப்பட்டது என்பதை அந்த நிறம் காட்டும்.

என் பரிந்துரை ‘ஆக்சிஜனேற்ற மிகை’. ஆக்சிஜனேற்றிகளுக்கும் அவற்றைத் தடுக்கும் எதிர்ப்பிகளுக்கும் இடையிலான சமநிலை குலைந்து முன்னவற்றின் கை ஓங்குவது என்றுதானே 1985இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் வரையறுத்தார்? பலரும் சரி என்றுவிட்டீர்கள். வியாழன் இரவு அச்சுக்கு அனுப்புகிறேன்.

——

தம்பி, மன்னிக்கவும், எனக்கு உடன்பாடில்லை. மிகை ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறது. ஏற்றிகள் பெருகாமலே, குளுட்டாதயோன் போன்ற எதிர்ப்பிகள் வற்றிப்போனாலும் இதே நிலைதான் வரும். நீங்கள் காட்டிய வரையறையிலேயே சமநிலை என்ற சொல் இருக்கிறது. ‘ஏற்றச் சமன்குலைவு’ என்று போடுங்கள். நீளம்தான், ஆனால் தேர்வில் மாணவர் தவறாக எழுத மாட்டார்.

——

ஐயா, தலைப்பில் மிகை, முதல் பத்தியில் உங்கள் சமன்குலைவு. இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும்.

——

அப்படியானால் தலைப்பை மாற்றுங்கள் தம்பி. பிள்ளைகள் தலைப்பைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.