மாமிக்கு அன்னமுன்னா இலைக் கசாயம் கொடுக்கலாமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

பெரியப்பா (முள்ளியவளை): முள்ளு அன்னமுன்னா (முள் சீத்தா) இலை, புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்தை விடப் 10,000 மடங்கு வலிமையானது என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. எங்கள் வளவிலேயே மரம் நிற்கிறது. புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றும் தங்கச்சிக்கு நாளை முதல் அவித்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளை, நீ மூலிகை ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள், என்ன சொல்கிறாய்?

பிள்ளை (யாழ்ப்பாணம்): தயவுசெய்து கொடுக்க வேண்டாம், பெரியப்பா. 1996 இல் அந்த மரத்தின் விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரேயொரு இரசாயனத்தை, ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய்க் கலங்களின்மேல் விட்டுப் பார்த்ததிலிருந்துதான் அந்தக் கணக்கு வந்தது. அது விதை, நீங்கள் அவிக்கப்போவது இலை. குடித்ததை மாற்றிவிடும் குடலும் ஈரலும் தட்டில் இல்லை. புற்றுநோய்க் கலத்தைக் கொல்கிறதா என்று பார்ப்பதோடு, நல்ல கலத்தை விட்டுவைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மரத்திலுள்ள அனோனசின் என்ற இரசாயனம் நரம்புக் கலங்களையும் தாக்குகிறது. கரீபியனிலுள்ள குவாதலூப் தீவில் இதன் பழத்தையும் இலைத் தேநீரையும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் என்ற நடுக்க நோயை ஒத்த நோய் காணப்படுவதாக 1999 இல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

அண்ணா (கிளிநொச்சி): ஆனால் பட்டிப்பூவிலிருந்து (நித்தியகல்யாணி) புற்றுநோய் மருந்து வந்தது உண்மைதானே? பரியாரிமாரின் அறிவை அப்படியே தள்ளிவிட முடியாது.

பிள்ளை: தள்ளக்கூடாது என்பதற்காகத்தான் சோதிக்கிறோம், அண்ணா. யமேக்காவில் பட்டிப்பூ இலையைச் சலரோகத்துக்குக் குடித்தார்கள். அந்த இலையைக் கனடாவில் றொபேட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு வாயால் கொடுத்தபோது குருதிச் சீனியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சாற்றை ஊசியால் ஏற்றியபோது வெண்குருதிக் கலங்கள் குறைந்து, எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன. வெண்குருதிக் கலங்களைக் குறைப்பது குருதிப் புற்றுநோய்க்கு உதவலாம் என்று யோசித்து, சாள்ஸ் பியர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1958 இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார். பின்னர் அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் என்ற மருந்து 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் குருதிப் புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

சின்னம்மா (வவுனியா): எங்கள் வாசலில் பட்டிப்பூ பூத்துக் குலுங்குகிறது. அதை அவித்தால்?

பிள்ளை: வேண்டவே வேண்டாம், சின்னம்மா, அது நஞ்சு. ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கே மிகப் பெரிய அளவு உலர்ந்த இலை வேண்டும். அந்த மருந்தையும் மில்லிகிராம் கணக்கில் அளந்து நாளத்தினூடாக மட்டுமே ஏற்றுவார்கள்.

பெரியப்பா: எங்கள் நாட்டு மருந்துகளை யாராவது இப்படிச் சோதித்திருக்கிறார்களா?

பிள்ளை: சோதித்திருக்கிறார்கள். இலங்கையில் ஓர் ஆயுர்வேத வைத்தியக் குடும்பம் புற்றுநோயாளருக்குக் கொடுத்துவந்த கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை சேர்ந்த கசாயத்தைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித ஈரல் புற்றுநோய்க் கலங்களிலும் எலிகளிலும் சோதித்தார்கள். ஈரல் புற்றுநோயைத் தூண்டும் இரசாயனம் கொடுத்த எலிகளில், கசாயம் குடித்தவற்றின் ஈரலில் கேடு குறைவாக இருந்தது. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனால் அது எலியில் கிடைத்த விடை. கீமோ ஏற்றும் ஒருவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. நன்னாரி என்று கடையில் தருவது உண்மையில் நன்னாரிதானா என்பதிலிருந்தே எங்கள் வேலை தொடங்குகிறது. கொடியை இலை, பூவோடு பத்திரிகைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, எந்த ஊரில் எந்த நாளில் பறித்தது என்று எழுதி வைத்த பிறகுதான் வேரை அரைப்போம்.

மாமி: எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா உடம்பு அலுப்புக்கு என்று மரமஞ்சள் அவித்துத் தந்திருக்கிறார். அது சும்மா காய்ச்சலுக்குக் குடிப்பதுதானே, குடிக்கலாமா?

பிள்ளை: இப்போது வேண்டாம், மாமி. மரமஞ்சளில் உள்ள பேர்பரின் என்ற இரசாயனம், சில மருந்துகளை ஈரல் உடைக்கும் வேகத்தைக் குறைக்கக்கூடும். அப்போது மருந்து உடலில் கூடுதலாகத் தங்கிவிடும், உங்களுக்குத்தான் சிரமம் கூடும். அலுப்பைப் பற்றி வைத்தியரிடமே சொல்லுங்கள், அதற்கும் வழி வைத்திருப்பார்கள்.

பெரியப்பா: சரி, பிள்ளை. இலை பறிக்கவில்லை. திங்கட்கிழமை கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்; வீட்டிலிருக்கும் சூரணம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுகிறேன்.

பிள்ளை: போத்தல்களில் பெயர் இல்லாவிட்டால், தந்தவரிடம் கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள், பெரியப்பா.