போலீஸ் தொடருக்கு "13 வி எல்" என்று போட்டிருக்கிறது: 11 வயதுப் பிள்ளை பார்க்கலாமா?

மல்லிகை_சாட்ஸ்வர்த்:
வணக்கம். வீட்டில் 11 வயதுப் பெண்ணும் 7 வயதுப் பையனும் இருக்கிறார்கள். தாத்தா சாயங்காலம் ஹாலில் ஒரு தமிழ் போலீஸ் தொடர் பார்க்கிறார், மொத்தம் 8 எபிசோடு. திரை மூலையில் 13, பக்கத்தில் வி, எல். பெரியவளுக்குத் துப்பறிகிற பகுதி பிடித்துப்போய்விட்டது. சின்னவன் கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிறான். 13 என்பது சட்டமா, வெறும் ஆலோசனையா? எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்க்க எனக்கு நேரமில்லை, எதைப் பார்த்தால் போதும்? தாத்தாவிடம் டிவியை அணைக்கச் சொல்வதும் நன்றாயிராது.

டர்பன்_வரிசை:
நம் தென்னாப்பிரிக்காவில் வயது எண்ணைத் தருவது திரைப்பட, வெளியீட்டு வாரியம், அதாவது எஃப்.பி.பி. 1996-ஆம் ஆண்டின் 65-ஆம் எண் சட்டத்தில் வந்தது. சினிமா கொட்டகையில் 13 என்றால் 12 வயதுப் பிள்ளையை உள்ளே விடக் கூடாது, அம்மா கூட வந்தாலும் சரி. வீட்டு ஹாலில் வாசல்காவல் நீங்கள்தான்.

"10-12 பிஜி" என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 10 வயதுக்குக் கீழே வேண்டாம், 10 முதல் 12 வரை பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்று சொல்கிறது. "7-9 பிஜி"-யும் அப்படியே. 13-இல் அந்தத் துணைச் சலுகை கிடையாது. ஆகவே உங்கள் மகளுக்கு இது இரண்டு வயது மேலே, மகனுக்கு ஆறு வயது மேலே. இருவருக்கும் ஒரே பதில் தேடாதீர்கள்.

எழுத்துகள்: வி வன்முறை, எல் கெட்ட வார்த்தை, எஸ் பாலுறவு, என் நிர்வாணம், டி போதைப்பொருள், எச் திகில், பி சாதி இன மத வெறுப்பு, எஸ்.வி பாலியல் வன்முறை. ஐ.ஏ.டி என்று கண்டால் பிள்ளைகள் பார்த்துச் செய்யக்கூடிய செயல் இருக்கிறது என்று பொருள். போலீஸ் தொடரில் நான் முதலில் தேடுவது எஸ்.வி-யைத்தான். அது இருந்தால் 11 வயதுக்கு மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

எழுத்து என்ன இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு கடுமை என்பதை எண்தான் சொல்லும். "13 வி"-யும் "18 வி"-யும் ஒரே வி அல்ல. இணையச் செயலிகளில் சில சமயம் வேற்று நாட்டு முத்திரை வரும். இந்தியாவின் 2021 விதிகளில் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று போகும். அமெரிக்க டிவி-14 என்பதை நம் 13-க்குச் சமம் என்று கொள்ளாதீர்கள், அளவுகோல் வேறு.

கோவில்தெரு:
நேரமில்லை என்பவர்களுக்கு: 8 எபிசோடில் 1, 4, 7 மூன்றையும் பாருங்கள். முதல் எபிசோடில் பிணத்தைக் காட்டுகிற விதம் தெரிந்துவிடும். நடுவில் கதை எங்கே திரும்புகிறது என்று தெரியும். கடைசிக்கு முந்தியதில்தான் பெரும்பாலும் கடத்தலும் சித்திரவதையும் குவிந்திருக்கும், எட்டாவது முடிச்சவிழ்க்கும் எபிசோடு. தலா 45 நிமிடம் என்றால் 135 நிமிடம். 1.5 வேகத்தில் ஓட்டினால் 90 நிமிடத்தில் முடியும். ஆனால் பயமுறுத்தும் காட்சி வந்தால் சாதாரண வேகத்துக்கு வாருங்கள், வேகமாக ஓடினால் கடுமை குறைந்து தெரியும்.

கையில் ஒரு தாள் வைத்து எபிசோடு, நிமிடம் மட்டும் எழுதுங்கள்: "4, 22 முதல் 25 வரை" என்பது போல. கவனிக்க வேண்டியது ரத்தத்தின் அளவு மட்டும் அல்ல. பாதிக்கப்பட்டவர் பிள்ளையா? குற்றம் நடக்கும் இடம் வீடா? செய்முறை விவரமாகக் காட்டப்படுகிறதா? அடிபட்டவர் அடுத்த காட்சியில் எழுந்து நடக்கிறாரா, இல்லை வலி தெரிகிறதா? 7, 8 வயது வரை கண்ணில் பட்ட உருவம்தான் பயம். முடிவில் வில்லன் பிடிபட்டான் என்பது அந்த வயதில் ஆறுதல் தராது. 10, 11-இல் பயம் மாறும், "இது நம் வீட்டில் நடக்குமா" என்று கேட்கும். ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டு வாழும் ஊரில், வீடு புகுந்து கொள்ளையடிக்கும் காட்சி பேய்க்கதையைவிட ஆழமாக இறங்கும்.

இன்னொன்று, ஒரு காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பக்கத்து அறையில் படுத்திருக்கும் பையனுக்குப் போய்ச் சேர்வது அந்த அலறல் மட்டும்தான். படம் தெரியாத ஒலியை அவன் தானே படமாக்கிக்கொள்வான்.

சனிக்கிழமை_வகுப்பு:
எல் பற்றி யாரும் பேசவில்லையே. இங்குள்ள பிள்ளைகள் பலர் தமிழ் வசனத்தைக் காதால் பாதி, கீழே ஓடும் ஆங்கில வரியால் பாதி பிடிக்கிறார்கள். தமிழில் "சனியனே" என்று போகிற இடத்தில் கீழே படுமோசமான ஆங்கில வசவு வரும். தலைகீழாகவும் நடக்கும்: காதில் விழுவது தாயைப் பழிக்கும் சொல், எழுத்தில் வெறும் "முட்டாள்". ஆகவே முன்கூட்டிப் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்துக் கவனியுங்கள்.

வசவைவிட எனக்குக் கவலை தருவது ஒருமைப் பேச்சு. இன்ஸ்பெக்டர் திரையில் கிழவரைப் பார்த்து "டேய், வாடா, உட்காரு" என்கிறார். டிவியில் தமிழ் கற்கிற பிள்ளை அதையே ஆயாவிடம் பேசும், திமிர் அல்ல, வேறு வடிவம் தெரியாது. அந்த இடத்தில் நிறுத்தி, "இதே வாக்கியத்தை மரியாதையாகச் சொல்" என்று கேளுங்கள். "வாங்க ஐயா, உட்காருங்க" என்று மாற்றிச் சொல்வது 11 வயதுக்கு நல்ல பயிற்சி. எனக்கு இந்தத் தொடர்களில் கிடைக்கிற ஒரே லாபம் அதுதான்.

பீனிக்ஸ்_கறிவேப்பிலை:
கோவில்தெரு சொன்ன பட்டியலில் ஒன்று விட்டுப்போனது: அடிப்பது யார்? தமிழ்ப் போலீஸ் கதைகளில் கதாநாயகனே லாக்கப்பில் அடித்து உண்மையை வாங்குவான், கடைசியில் என்கவுன்டர், பின்னணியில் வீர இசை. ரத்தம் குறைவென்றால் 13 கிடைத்துவிடும். பிள்ளை மனத்தில் தங்குவது அடித்தால் உண்மை வரும் என்ற பாடம். என்னைக் கேட்டால் 16 வி-யில் வலியை வலியாகக் காட்டும் தொடர் இதைவிட மேல், ஆனால் அதையும் 11-க்குக் காட்டச் சொல்லமாட்டேன்.

பெரியவள் பார்க்கத்தான் போகிறாள் என்றால், இந்த நாட்டில் நடைமுறை எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு: கைதானவர் வாய் திறக்க வேண்டியதில்லை, இயன்றவரை சீக்கிரமாக, 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் (அந்தக் கெடு விடுமுறை நாளில் முடிந்தால் அடுத்த நீதிமன்ற நாள் வரை நீளும்). காவலில் யாராவது இறந்தாலோ, சித்திரவதை என்று புகார் வந்தாலோ விசாரிப்பது ஐபிட் என்கிற தனி அமைப்பு, அந்த நிலையத்துப் போலீஸ் அல்ல. "இன்ஸ்பெக்டர் இங்கே எந்த விதியை மீறினார்?" என்பதை ஒரு துப்பறியும் விளையாட்டாகவே ஆக்கலாம். அவசரத்துக்கு 10111 என்பதும் தெரிந்திருக்கட்டும், திரையில் வேறு நாட்டு எண் வரும்.

டர்பன்_வரிசை:
அது சரி, ஆனால் காட்சிக்குக் காட்சி நிறுத்தினால் தாத்தா ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார். எபிசோடுக்கு இரண்டு நிறுத்தம் போதும்.

டிகோடர்_டாக்டர்:
இயந்திரப் பக்கம். டிஎஸ்டிவி டிகோடரில், அதாவது சந்தா டிவிப் பெட்டியில், வயதுப் பூட்டு இருக்கிறது. தொடக்க பின் எண் 1234. அதை மாற்றாமல் பூட்டுப் போடுவது சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போவதுதான். தாத்தா பிறந்த ஆண்டும் வேண்டாம், பிள்ளைகள் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான்.

நெட்ஃபிளிக்ஸில் வயது வரம்பு ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி. குழந்தை புரொஃபைலில் மட்டும் வைத்துவிட்டு உங்களுடையதைத் திறந்து போட்டால் பயனில்லை, உங்களுடையதற்கும் பின் எண் வையுங்கள். குறிப்பிட்ட தொடரைப் பெயர் சொல்லியே மறைக்கலாம். அடுத்த எபிசோடு தானாக ஓடுவது, முன்னோட்டம் தானாக ஓடுவது: இரண்டும் தனித்தனிக் குறிகள், இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

பலர் தவறவிடும் இடம் "முந்தைய எபிசோடில்" பகுதி. தாளில் குறித்துத் தாண்டிய அதே மூன்று நிமிடம், அடுத்த நாள் முதல் அரை நிமிடத்தில் சுருக்கமாக வந்து நிற்கும். அதையும் தாண்டுங்கள்.

மல்லிகை_சாட்ஸ்வர்த்:
மிகவும் நன்றி. 4-இல் ஒரு கடத்தல் இருக்கிறது, பாதிக்கப்பட்டது ஒரு சிறுமி. 4-ஐயும் 7-ஐயும் மகளுக்குக் காட்டாமல் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். தாத்தாவுக்கு ஹெட்போன் வாங்கலாமா? டிவியில் வருவதற்கு இரவு 9 மணி விதி இருக்கிறதாமே?

டர்பன்_வரிசை:
இலவச ஒளிபரப்பில் பெரியவர் நிகழ்ச்சி இரவு 9 முதல் காலை 5 வரை, சந்தா சேனல்களில் இரவு 8-இலிருந்து. ஒளிபரப்பில் மீறல் கண்டால் ஒளிபரப்புப் புகார் ஆணையமான பி.சி.சி.எஸ்.ஏ-க்கு 30 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். சேனல், தேதி, நேரம் மூன்றும் வேண்டும். இணையத்தில் பார்ப்பதற்கு அந்தக் கடிகாரம் பொருந்தாது, அங்கே கேட்க வேண்டிய இடம் எஃப்.பி.பி. சென்னை சேனல் நேரடியாக வந்தால் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே இரவு 9, இங்கே மாலை 5.30, சின்னவன் வீட்டுப்பாடம் எழுதும் வேளை.

4-ஐ விட்டால் கதை அறுந்துபோகும், மகள் யூடியூபில் தேடுவாள். அந்த எபிசோடில் நடந்ததை ஐந்தாறு வாக்கியத்தில் நீங்களே வாயால் சொல்லிவிட்டு 5-க்குப் போங்கள். ஹெட்போன் நல்ல யோசனை, கம்பியில்லாதது. டிவியில் ப்ளூடூத் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் டிவியின் ஆடியோ அவுட்டில் சொருகும் சின்னப் பெட்டியோடு வருவதை வாங்க வேண்டும். சின்னவனுக்குப் படம் தெரியாதபடி நாற்காலியையும் திருப்பிப் போடுங்கள்.