மூச்சு இளைக்குமா, இரைக்குமா?

செல்லூர் தறிக்காரன்: ஞாயிற்றுக்கிழமை நம்ம மதுரை பக்கத்துக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்விட்டு வந்து, "பேச்சிப்பள்ளம் ஏறுவதற்குள் மூச்சு இளைத்துவிட்டது" என்று ஒரு படம் போட்டேன். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து, ஆயிரம் வருசத்துச் சமாச்சாரம். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழமாசி வாத்தியார் வந்து, "மூச்சு இளைக்காது, இரைக்கும். இளைப்பது உடம்பு" என்று திருத்திவிட்டுப் போகிறார். எங்கள் அப்பத்தா சாகிறவரை "இளைக்குதுய்யா" என்றுதான் சொன்னது. அதுக்கும் தமிழ் தெரியாதா சார்?

கீழமாசி வாத்தியார்: தம்பி, அப்பத்தாவை இழுக்க வேண்டாம். 31 வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன். இரைச்சல் என்றால் சத்தம். மூச்சு சத்தத்தோடு வந்தால் இரைப்பு. இளைத்தல் என்றால் மெலிதல். மூச்சு எப்படி மெலியும்? டயட்டில் இருக்கிறதா?

ஜில்ஜில் பாண்டி: அப்போ இளைப்பாறுவது? மர நிழலில் உட்கார்ந்தால் சதை போட்டுவிடுமா சார்?

கீழமாசி வாத்தியார்: அது களைப்பு. மூச்சு அல்ல. மூச்சு இரைக்கும்.

நாகமலை நாச்சியார்: ஒரு வினைக்கு ஒரே பொருள்தான் என்று யார் எழுதிவைத்தது? "நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை" என்கிறவன் எடை பார்த்தா சொல்கிறான்? "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது வேறு இளைப்பு. சரி, மூச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். "வெளியே மூச்சு விடாதே" என்றால் செத்துப்போ என்றா அர்த்தம்? மூச்சு வாங்குகிறது என்கிறோம், எந்தக் கடையில்? பழந்தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சு விடுவதுதான், பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரே சொல்லுக்கு எண் போட்டுப் பல பொருள் தருவார்கள். எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோமே.

கீழமாசி வாத்தியார்: பார்க்க வேண்டியதில்லை அம்மா. 'ளை' வராது. 'ரை'.

ஒத்தக்கடை ராசா: எங்க பக்கம் மூச்சு இறைக்குதுன்னு சொல்வோம் சார். வாத்தியார் சொல்றதுதான் சரி.

கீழமாசி வாத்தியார்: எனக்கு ஆதரவாக வந்தும் வல்லின 'ற'வா? கமலை கட்டிக் கிணற்றுத் தண்ணீரா இறைக்கிறீர்கள்? இப்படிப்பட்ட ஆதரவு எனக்கு வேண்டாம்.

ஒத்தக்கடை ராசா: கை தவறி அழுத்தியதற்கு இவ்வளவு பேச்சா? நான் யானைமலை அடிவாரத்தில் வளர்ந்தவன். கீழமாசி வீதியில் மளிகை மூட்டைகளுக்கு நடுவே நடக்கிறவருக்கு மலை ஏறினால் மூச்சு என்ன ஆகும் என்று என்ன தெரியும்? இனி நான் இளைக்குது கட்சி.

ஜில்ஜில் பாண்டி: என் மாமியார் வீட்டில் 'மூச்சு இழைக்குது' என்பார்கள். 'ழ'.

கீழமாசி வாத்தியார்: இழைப்புளி வைத்தா? தச்சரைக் கூப்பிடுங்கள். ஒருவர் கமலை, ஒருவர் இழைப்புளி. மூச்சு இரைக்கும், இரைக்கும், இரைக்கும். அப்புறம் ஒரு சந்தேகம். பேச்சிப்பள்ளம் வரை படி வெட்டியிருக்கிறது. அதற்கே இளைத்ததாம். தறிக்காரர் உண்மையிலேயே ஏறினாரா, இல்லை அடிவார ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாரா?

செல்லூர் தறிக்காரன்: படம் என்ன ஆலமரத்திலா காய்த்தது? எனக்குத் தெரியும் சார், உங்களுக்கு என் மேல் பழைய காந்தல். சித்திரைத் திருவிழா சமயத்தில், அழகரை எதிர்கொண்டு வரவேற்பதை 'எதிர்சேவை' என்று எழுதினேன். ஒற்று விட்டுப்போச்சு என்று மூன்று நாள் குதித்தீர்கள். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கே திரும்பிவிட்டார், நீங்கள் இறங்கவில்லை.

கீழமாசி வாத்தியார்: அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒற்று வரும்.

ஜில்ஜில் பாண்டி: தல்லாகுளத்தில் வருசா வருசம் அடிக்கிற நோட்டீஸில் வராதே?

கீழமாசி வாத்தியார்: நோட்டீஸ் அடிப்பவன் இலக்கணம் படித்தானா?

ஒத்தக்கடை ராசா: அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் நான். வார்த்தையை அளந்து பேசுங்க சார்.

நாகமலை நாச்சியார்: இன்னும் ஒருத்தர்கூட அகராதியைத் திறக்கவில்லை.

கீழமாசி வாத்தியார்: ராசா தம்பி, உங்கள் அச்சகத்தில் 'இறைக்குது' என்று அடித்த நோட்டீஸ் இருந்தால் ஒரு படம் போடுங்கள்.