ஜெர்மனியில் பிஎச்டி: அட்மிஷன் தேடினேன், கிடைத்தது வேலை

உயிர்வேதியியல், மூன்றாம் ஆண்டு:

எம்எஸ்சி முடித்த வருடம் எண்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒரே மெயில். ஒன்றில் அதையும் மாற்ற மறந்துவிட்டேன். வந்த பதில்கள் நான்கு. நான்கிலும் ஒரே வரி: 'இப்போது நிதி இல்லை.'

சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே அறிவியலில் பிஎச்டி பெரும்பாலும் சம்பள வேலை. பேராசிரியருக்கு டிஎஃப்ஜி மாதிரி ஆய்வுக்கு நிதி தரும் ஓர் அமைப்பிடமிருந்து ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் வந்தால்தான் பெரும்பாலும் இடம் உண்டாகும், விளம்பரமும் வரும். அதுவரை அவரால் என்ன செய்ய முடியும்?

அப்புறம் விளம்பரங்களை மட்டும் பார்த்தேன். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் தளம், ஆய்வுக் குழுக்களின் சொந்தப் பக்கங்கள். 'டிவி-எல் இ13, 65%' என்று போட்டிருப்பார்கள். டிவி-எல் என்பது மாநில அரசு ஊழியர்களுக்கான சம்பள ஒப்பந்தம், இ13 அதில் ஒரு சம்பள நிலை. 65% என்றதும் மதியமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று கனவு காணாதீர்கள். சம்பளம்தான் 65. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்கு மீடியம், அதாவது ஊட்டத் திரவம், மாற்ற ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன்.

ஆறு விண்ணப்பம், இரண்டு நேர்காணல். இரண்டாவதில் என் எம்எஸ்சி ஆய்வைப் பற்றி 20 நிமிடம் பேசினேன். முடித்ததும் பேராசிரியர் கேட்டார்: "இதில் எது சரியாக வரவில்லை?" புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை மூன்று மாதம் படுத்திய கதையைச் சொன்னேன். என்னென்ன மாற்றிப் பார்த்தேன், எதை முதலில் சந்தேகப்பட்டேன் என்று அதிலேயே அரைமணி நேரம் போனது. மதிப்பெண் பற்றிப் பேச்சே வரவில்லை. பிறகு அவர் விலகிக்கொண்டு, குழுவின் மாணவர்களோடு என்னைத் தனியாகப் பேசவிட்டார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர் யாராவது உண்டா என்று கேட்டேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். இருந்தாலும் சேர்ந்தேன்.

நரம்பியல், முதல் ஆண்டு:

நான் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள் பக்கம், அவர்களுடைய பிஎச்டி திட்டமான ஐஎம்பிஆர்எஸ் வழியாக வந்தவள். அங்கே தனி மெயிலுக்கு வேலை இல்லை. கடைசித் தேதி, தேர்வுக் குழு, எல்லாம் முறைப்படி. ஆனால் மேக்ஸ் பிளாங்க் பட்டம் தராது, பல்கலைக்கழகம்தான் தரும். அதனால் வேலை கிடைத்த பிறகும் அங்கே தனியாகப் பதிய வேண்டும். அதற்கு ஒரு சான்றிதழ் வாங்க என் பழைய கல்லூரி அலுவலகத்துக்கு அம்மா நான்கு முறை நடந்தார். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல், முடித்துவிட்டேன்:

முதல் பதிவில் கை தூக்கிய அந்த இரண்டு பேரில் ஒருவன் மாதிரிதான் நானும். கடைசி ஐந்து மாதம் வேலையின்மைக் காப்பீட்டுப் பணத்தில் எழுதினேன். பணி ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் அது கிடைத்தது. உதவித்தொகையில் வந்த நண்பனுக்கு அந்த வழி இல்லை. இரண்டும் ஒன்றாகக் கையில் வந்தால் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள்.