எவோ 9 காலாவதி என்று சொன்னவருக்கு

இரும்புத்தலை: மிட்சுபிஷியின் லான்சர் எவோ காரில் பத்தாம் தலைமுறையான எவோ 10 வந்ததுமே எவோ 9 காலாவதி, அதன் இன்ஜினின் உடலான அந்த இரும்பு பிளாக் காயலான் கடைக்குத்தான் லாயக்கு என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. 1996 முதல் 1999 வரை ராலி ஓட்டுநர் டோமி மாக்கினென் பழைய எவோக்களில் வரிசையாக நான்கு உலக ராலி பட்டம் வாங்கியது, எவோ 9-இலும் இருக்கும் அந்த 4ஜி63 இன்ஜினின் இரும்பு பிளாக்கில்தான். எவோ 10 என்ன வாங்கியது?

குமரன்_எக்ஸ்: எழுதியது நான்தான் அண்ணா, பெயர் சொல்லியே திட்டலாம். 2010-இல் ராலி ஓட்டுநர் அர்மிந்தோ அராஜோ தயாரிப்புக் கார்களுக்கான உலகப் பட்டம் வாங்கியது எவோ 10-இல். அதன் 4பி11 இன்ஜின் அலுமினியம் பிளாக், 4ஜி63-ஐ விட 12 கிலோ குறைவு.

இரும்புத்தலை: அது சின்னப் பட்டம், விடுங்கள். இன்ஜினில் 12 கிலோ குறைத்துவிட்டு மொத்த வண்டியில் 100 கிலோவுக்கு மேல் ஏற்றினார்களே, அதைப் பற்றி வாய் திறக்க மாட்டீர்களே? டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, ஏற்ற ஏற்றத் தாங்குவது இரும்புதான்.

டர்போ_மாறன்: பிளாக் இரும்பு, சரி. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ரப்பர்தானே? அறுந்தால் பிஸ்டன் அடித்து வால்வு வளைந்துவிடும். 10-இல் செயின்.

இரும்புத்தலை: பெல்ட்டை நேரத்துக்கு மாற்றத் துப்பில்லாதவர்கள் டர்போ வண்டி பக்கமே வரக்கூடாது. பேச்சு பிளாக்கைப் பற்றி. உங்கள் 4பி11-இன் அடிப்படையே மிட்சுபிஷி, ஹூண்டாய், கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து போட்டது, அதன் பங்காளி இன்ஜின் ஹூண்டாயின் சொனாட்டா காரில் ஓடியது. இதை வைத்துக்கொண்டா எங்களிடம் பேசுகிறீர்கள்?

குமரன்_எக்ஸ்: டர்போ வடிவம் மிட்சுபிஷியின் சொந்த வேலை. பானெட்டைத் திறந்து பாருங்கள்: 9-இல் டர்போ ரேடியேட்டரை ஒட்டி முன்னால் நிற்கும், 10-இல் பின்னால், இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டுப் பக்கம் போய்விட்டது, இன்ஜினையும் தாழ இறக்கினார்கள். வளைவில் மூக்கு திரும்புவதிலேயே தெரியும். நீங்கள் 10-ஐ ஓட்டியதே இல்லை, அதுதான் விஷயம்.

இரும்புத்தலை: நான் ஓட்டினேனா இல்லையா என்பது உங்களுக்கு எதற்கு? இரும்பா அலுமினியமா, அதைச் சொல்லுங்கள்.

சுபாரு_சிவா: எங்கள் சுபாருவின் இஜே20 இன்ஜின் கூட அலுமினியம் பிளாக்தான், 2001-இலும் 2003-இலும் உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தது. போன வருடம் இதே ஆள் அதைத் தையல் மெஷின் என்றார், நான் மறக்கவில்லை.

இரும்புத்தலை: வந்துவிட்டார். தையல் மெஷின் என்றுதான் இப்போதும் சொல்வேன். பிளாக்குக்கும் இன்ஜின் தலைக்கும் நடுவில் கசியும் அந்த ஹெட் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு வந்து பேசுங்கள்.

சுபாரு_சிவா: மன்னிப்புக் கேட்காமல் இங்கிருந்து நகர மாட்டேன்.

குமரன்_எக்ஸ்: உங்கள் சண்டையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா, வளைவைப் பற்றி நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை.

இரும்புத்தலை: பிளாக்குக்கு முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள். வளைவெல்லாம் அப்புறம்.