தூண் எப்படி டீச்சர் தூணைப் பிடிக்கும்? குடிமையியல் வகுப்பு அனுபவங்கள்

குளச்சல் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

16 வருஷமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வரலாறு கதையாக ஓடிவிடும், புவியியலுக்கு வரைபடம் இருக்கிறது. குடிமையியல் வந்தால்தான் பின்பெஞ்சில் தலை சாயும். மூன்று தூண் வரைந்து சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று எழுதி, "ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும்" என்று சொன்னேன். "நிக்குற தூண் எப்படி டீச்சர் இன்னொரு தூணைப் பிடிக்கும்?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். "தடைகளும் சமன்பாடுகளும்" என்று எழுதினால் இன்னும் மோசம். சமன்பாடு என்றதும் பாதிப் பேர் கணக்கு நோட்டை எடுக்கிறார்கள்.

அப்புறம் எல்லாரும் சொல்கிற வீட்டு உதாரணம். அப்பா சட்டம் போடுகிறார், அம்மா நடத்துகிறார், சண்டை வந்தால் ஆச்சி தீர்ப்பு. நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் முதல் வரிசைப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்டுல மூணும் அப்பாதான் டீச்சர்." வகுப்பே சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றோடு அந்த உதாரணத்தை விட்டேன்.

போன வருஷம் ஜூன் மாதம் வேறு வழி தானாக வந்தது. எங்கள் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தேதி. "ஏப்ரல்ல மாமா போட்டைக் கட்டிட்டு சும்மா இருந்தாரு, எங்க அப்பா கடலுக்குப் போனாரு. இதை யாரு டீச்சர் முடிவு பண்ணுறது?" என்று ஒருவன் கேட்டான். முதலில் நாளை எண்ணச் சொன்னேன். இரண்டுமே 61. சரி, இனி யார் என்று பார்க்கலாம் என்று தொடங்கினேன்.

சட்டமன்றம் கொண்டுவந்தது தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. அதில் தேதி எல்லாம் எழுதியிருக்காது. எதைத் தடுக்கலாம் என்ற அதிகாரம்தான் இருக்கும். அந்த அதிகாரத்தை வைத்து உத்தரவு போடுவது அரசு, அதாவது நிர்வாகம். கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மீன்பிடி மாநிலப் பட்டியலில், அதற்கு அப்பால் ஒன்றியப் பட்டியலில். போர்டில் கரையை ஒரு கோடாகப் போட்டு, 12 மைலில் இன்னொரு கோடு இழுத்தேன். அதற்குப் பிறகு சாக்பீஸ் என் கையில் இல்லை. எந்த மீன் எந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் கிடக்கும் என்று பையன்கள் எனக்குப் பாடம் எடுத்தார்கள்.

அடுத்தது நீதிமன்றம். மீன் கூட்டத்தை வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையை அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. சண்டை கடலூர், நாகை பக்கம்தான் பெரிது. ஆனால் பேச்சு எங்கள் பிள்ளைகள் காதிலும் விழுந்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, இன்னும் சில நிபந்தனைகளோடு பிடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. இதைச் சொன்னதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "சின்ன மீனையும் சேத்து அள்ளுற வலை, கவர்மென்ட் தடுத்தா கோர்ட்டு எப்படி விடலாம்?" என்று ஒரு கூட்டம். "12 மைலுக்கு அந்தப்பக்கம் நம்ம கவர்மென்டுக்கு என்ன வேலை?" என்று இன்னொரு கூட்டம். பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தூண் படம் போட்டு இந்தச் சத்தத்தை ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

தூண் கேட்ட அதே பையன் கடைசியில் இன்னொன்றும் கேட்டான்: "மந்திரி எம்.எல்.ஏ.வாத்தானே இருக்காரு, அப்போ ரெண்டு தூணும் எப்படி வேற?" இங்கேதான் நம் படமே தப்பு. அமெரிக்காவில் மந்திரி நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. இங்கே உறுப்பினராக இல்லாதவர் மந்திரியானால் 6 மாதத்துக்குள் உறுப்பினராகியே ஆக வேண்டும். மூன்றும் தனித்தனி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு இதை எப்படி விளக்குவது? சபையில் பெரும்பான்மை போனால் மந்திரிசபையும் போகும், பிடி அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், அந்த "மூணும் அப்பாதான்" பெண்ணை நீங்கள் திருவிதாங்கூர் அரசர்களின் பழைய பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். சமூக அறிவியல் சாருக்குத் துணையாக ஒருமுறை நான் பிள்ளைகளை அழைத்துப்போனேன். முதல் தடவை திங்கட்கிழமை போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பியது தனிக்கதை. திங்கள் விடுமுறை என்று யாரும் விசாரிக்கவில்லை. 40 பிள்ளைகளும் வாசலில் நின்று கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டதுதான் மிச்சம்.

இரண்டாம் தடவை, அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நிறுத்தினோம். கறுத்துப் பளபளக்கும் தரை, வண்ண ஜன்னல் வழியே மங்கலான வெளிச்சம். சட்டம், வரி, தண்டனை மூன்றும் ஒரே ஆள் வாயிலிருந்து வந்த காலம் என்று சொன்னதும் பிள்ளைகள் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். 1888-இல் திருவிதாங்கூரில் சட்டசபை வந்ததே என்று சார் சொன்னார். வந்தது, ஆனால் கடைசிச் சொல் அரசருடையது. அந்த வித்தியாசத்தை அங்கே நின்று சொன்னால் ஏறுகிறது.

வெளியே வரும்போது ஒரு குட்டி கேட்டாள், "நிலம் தமிழ்நாடு, அரண்மனையை ஏன் சாரே கேரளா பார்த்துக்கிடுது?" திருவிதாங்கூரோடு இருந்த இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-ஆம் தேதிக் கதையை பஸ் வரும்வரை சொன்னோம். கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் எந்த மாநிலம் என்பதை நாடாளுமன்றம் சட்டமாகப் போட்டது. அதற்கு முன்பு இந்த மண்ணில் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் நடந்தது. பஸ் வந்தும் இரண்டு பேர் ஏறவில்லை, மீதிக் கதை வேண்டுமாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வழக்கறிஞர்:

ஒரு திருத்தம். சுருக்குமடி வழக்கில் 2023-இல் வந்தது இடைக்கால உத்தரவு, அதாவது இறுதித் தீர்ப்பு வரும்வரைக்கான ஏற்பாடு. அதைப் பிள்ளைகளிடம் சொல்லாவிட்டால் "கோர்ட்டு சட்டத்தை ரத்து பண்ணிட்டு" என்று வீட்டில் போய்ச் சொல்லும்.

நான் ஒரு பள்ளியில் மாதிரி நீதிமன்றம் நடத்தினேன். நீதிபதியாக வந்த பெண் அண்ணனின் சபரிமலைக் கறுப்பு வேட்டியை அங்கியாகப் போர்த்திக்கொண்டு வந்தாள். சட்டமன்றக் குழு போட்ட சட்டம்: "சனிக்கிழமை வீட்டுப்பாடம் கிடையாது." நிர்வாகக் குழு அதை நடைமுறைப்படுத்தவில்லை. வழக்கு வந்தது. நீதிபதி தீர்ப்போடு நிற்காமல், "ஞாயிறும் கிடையாது, பி.டி. பீரியட் இரண்டு" என்று அடித்துவிட்டாள். பயங்கரக் கைதட்டல். தீர்ப்பு சொல்கிறவர் புதுச் சட்டம் எழுதக் கூடாது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. "அப்போ யாரு சார் என்னைத் தடுக்கிறது?" என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். மேல்முறையீடு என்றேன். "உச்ச நீதிமன்றம்னா?" என்றாள். தீர்ப்பை அதே நீதிமன்றத்தையே மறுபடி பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு, நாடாளுமன்றத்தின் சட்டத் திருத்தம், நீதிபதியின் பதவிநீக்கத் தீர்மானம் என்று அடுக்கினேன். 1993-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீதான தீர்மானம் மக்களவையில் தோற்றதையும் சொன்னேன். "தோத்துட்டுல்லா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

குளச்சல் ஆசிரியை:

நன்றி சார், இடைக்கால உத்தரவு என்பதை நான் சொல்லவில்லை, என் பிழை. திங்கட்கிழமை முதல் பீரியடே திருத்திவிடுகிறேன். அந்தக் கறுப்பு வேட்டி யோசனையையும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வகுப்பில் மூன்று பேர் வீட்டில் இருக்கிறது, யார் நீதிபதி என்பதற்கே ஒரு வழக்கு வரும்.