உதவி: ஆய்வுகூடத்துல சரியா வர்ற பீக், ஆத்துத் தண்ணியில தள்ளிப்போகுது

கொட்டகலை மாணவி:
இறுதி வருடச் செயற்றிட்டம். அச்சடிச்ச கார்பன் மின்வாய் ஸ்ட்ரிப்ல வெடிமருந்து எச்சம் பிடிக்கப் பார்க்கிறேன்: வோல்ட்டை மாத்திக்கிட்டே போய் மின்னோட்டத்தை அளக்கிறது, பொருள் தாழ்த்தப்படுற இடத்துல மின்னோட்டம் ஒரு பீக்கா எழும்பும். ரெஃபரன்ஸும் (வோல்ட்டை எதோட ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த மின்வாய்) அதே ஸ்ட்ரிப்ல இருக்கிற வெள்ளி/வெள்ளிக் குளோரைட்டுதான். டிஎன்டி (TNT) வெடிமருந்தை நமக்கு யார் தரப்போறா? அதே நைத்திரோ கூட்டம் இருக்கிறதால 4-நைத்திரோபீனோல் பாவிக்கிறேன். பிஎச் 7 தாங்கற் கரைசல் (பிஎச் மாறாம வச்சிருக்கிறது), 0.1 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு: −0.75 வோல்ட்டுல நல்ல கூரான பீக். கல்குவாரிக்குக் கீழ ஓடுற ஆத்துத் தண்ணியில அதே அளவு கலந்தா, பீக் இன்னும் 100 மில்லிவோல்ட் மறைப் பக்கம் போகுது, உயரம் பாதி, முன்னால ஒரு பெரிய மேடு வேற. ஸ்ட்ரிப் பெட்டி பழுதா? புதுசு வாங்கக் காசில்ல. வைவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சை) ரெண்டு கிழமைதான்.

அட்டன் தம்பி:
ஈரம் குடிச்சிருக்கும் அக்கா. இந்தப் பனிக்கு எங்க வீட்டு உப்பே கரையுது.

கொட்டகலை மாணவி:
அதே பெட்டி ஸ்ட்ரிப், தாங்கற் கரைசல்ல இன்னைக்கும் சரியாத்தானே வேலை செய்யுது தம்பி.

பழைய லேப் அண்ணன்:
அப்ப பெட்டியைக் குறை சொல்லாதீங்க தங்கச்சி. அந்த ரெஃபரன்ஸ் தண்ணியில இருக்கிற குளோரைட்டை நம்பித்தான் நிக்குது. குளோரைட்டு பத்துல ஒன்றாக் குறைஞ்சா அது ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நேர்ப் பக்கம் ஏறும், உங்க பீக் அவ்வளவு மறைப் பக்கம் போன மாதிரித் தெரியும். மலை ஆத்துல உப்பு ஏது? தண்ணியோட மின்தடையும் அதிகம், அதனால பீக் பரந்து பதியும். மேடு, கரைஞ்ச ஒட்சிசன். ஆத்துத் தண்ணியிலயே தாங்கல் உப்பும் பொற்றாசியம் குளோரைட்டும் கரைச்சு, நைதரசன் 10 நிமிஷம் விடுங்க. சோடியம் சல்பைற்று போட்டும் ஒட்சிசனை எடுக்கலாம், ஆனா அமிலத் தண்ணியில வேணாம், அதுவே தனியா ஒரு பீக் காட்டும். திரும்பி வர்ற ஸ்கானையும் அடுத்த சுற்றையும் பாருங்க: 0.1, 0.2 வோல்ட் பக்கம் ஒரு சோடி பீக் வந்தா நைத்திரோ கூட்டம்தான். ஒட்சிசன் அந்தச் சோடியைக் காட்டாது.

கொட்டகலை மாணவி:
அண்ணா, பீக் பழைய இடத்துக்கே வந்திட்டு! மேடும் போயிட்டு. சோடியும் தெரியுது. உயரம் மட்டும் இன்னும் அஞ்சுல ஒரு பங்கு குறைவு.

பழைய லேப் அண்ணன்:
இலை, சருகு ஊறின தண்ணி, மின்வாய்ல படியும். தாங்கற் கரைசல்ல போட்ட அளவுகோட்டை (செறிவுக்கு எவ்வளவு பீக் உயரம்னு காட்டுற கோடு) விட்டுட்டு, அதே தண்ணியிலயே கொஞ்சம் கொஞ்சமா நைத்திரோபீனோல் சேர்த்து நியமச் சேர்க்கையாக் கணக்கெடுங்க. ஒவ்வொரு அளவுக்கும் புது ஸ்ட்ரிப்.

குவாரியில இருந்தவர்:
பிள்ளை, ஒரு சந்தேகம். கல்லுக்கு நாங்க போட்டது பெரும்பாலும் அமோனியம் நைத்திரேற்று மருந்து. அங்க போய் டிஎன்டி தேடினா என்ன கிடைக்கும்?

பழைய லேப் அண்ணன்:
ஐயா கேட்டதுதான் வைவாவுலயும் கேப்பாங்க. நைத்திரேற்று வெறும் கார்பன்ல இந்த பீக் தராது, செம்பு பூசின மின்வாய் வேணும். அதைப் பிடிச்சாலும் தேயிலை மலைக்குப் போடுற யூரியா மண்ணுல நைத்திரேற்றாத்தான் மாறுது, கான் வழியா அதே ஆத்துக்குத்தான் வருது. குவாரிக்கு மேலயும் ஒரு போத்தல் எடுத்தீங்களா?

கொட்டகலை மாணவி:
இல்ல அண்ணா. மேல அட்டைக்கடின்னு போகல. நாளைக்கு விடிய சவர்க்காரத்தோட போறேன். தலைப்புல 'குவாரி'யை எடுத்துட்டு 'நைத்திரோ சேர்வைகள்'னு மாத்தச் சொல்லி சேர்கிட்டயும் கேக்கணும்.